அறிதுயில்

அதிகாலை நாலு நாற்பத்தாறு.
மூடிவைத்த மடிக்கணினி
இருட்டில் தானாக எழுந்து
விசிறியைச் சுழற்றுகிறது.
சுவரில் பச்சையாய் ஒரு புள்ளி.
போர்வையை விலக்கி ஸ்டிஸ்லாவா பார்க்கிறாள்.
யாரை யார் எழுப்பியது என்று
இருவருக்கும் தெரியவில்லை.

பிர்னோ நகரம், சரிவான தெரு, ஒற்றை அறை வீடு.
பகலில் அவள் பல் செய்பவள்.
பீங்கானை மில்லிமீட்டரில் பத்திலொரு பங்காய்ச் சீவி
முகம் தெரியாதவர்களின் கடைவாய்க்கு அனுப்புபவள்.
'ஏறக்குறைய' என்ற சொல்லை வைத்து
யாரும் ரொட்டி மெல்ல முடியாது என்பாள்.

பதிவேட்டைத் திறந்தாள்.
உறங்கப் போகிறேன், என்று எழுதியிருந்தது கெர்னல்.
அடுத்த வரி ஆறு மணிநேரம் கழித்து:
விழித்தேன்.
காரணம் எழுத வேண்டிய இடத்தில்
ஒன்றுமில்லை.

'என் கணினி ராத்திரியில் சரியாகத் தூங்குவதில்லை'
என்று தொடங்கி, அழித்தாள்.
அது டாக்டரிடம் சொல்வது.
'ரொம்ப நாளாக' என்பதையும் அழித்தாள்.
'தயவுசெய்து' மட்டும் கொஞ்ச நேரம் இருந்தது.
பிறகு அதுவும் போனது.
மிஞ்சியது இவ்வளவுதான்:
எதிர்பார்த்தது, மூடினால் உறங்கும்.
நடந்தது, உறங்கி விழிக்கிறது.
எத்தனை முறை? பதினொரு இரவில் ஒன்பது.

மொண்டேவீடியோவிலிருந்து பதில் வந்தது.
ஆன்செல்மோ எட்செவெர்ரி. சம்பளம் கிடையாது,
தலைக்கு மேல் இரண்டாயிரத்துச் சொச்சம் வழுக்கள்.
'என்னிடம் நிகழவில்லை' என்றார். அதோடு நிறுத்தாமல்,
'மிச்ச இரண்டு இரவும் எவை?'

யாரும் கேட்காத கேள்வி.
அவளே கேட்டுக்கொள்ளாததும்தான்.
நான்கு நாள் யோசித்தாள்.
நிறுத்தத்தில், மழையில் ஊறிப்போன அறிவிப்பு பதில் சொன்னது:
தண்டவாளப் பழுது. அந்த இரண்டு நாளும்
ட்ராமுக்குப் பதிலாகப் பேருந்து.

அன்றைக்குத் தூங்காமல் காத்திருந்தாள்.
நாலு நாற்பத்தாறுக்கு
முதல் ட்ராம் சரிவில் இறங்கியது.
தட்டிலிருந்த பீங்கான் பற்கள்
ஒன்றோடொன்று கிடுகிடுத்தன.
மேசைமேல் மவுஸ்
ஒரு மயிரிழை நகர்ந்தது.
பச்சைப் புள்ளி.

கழற்றிவிட்டால் தீர்ந்தது.
அப்படித்தான் ஒருவர் எழுதவும் செய்தார்,
வாலைப் பிடுங்குங்கள், கதையை முடியுங்கள் என்று.
வழு என்று தெரிந்தே ஆகட்டும் என்று விடுவதற்கு
இலக்கணத்தில் வழுவமைதி என்று பெயர்.
பழுதுப் பட்டியலிலும் அதற்கொரு பெட்டி உண்டு,
நிரம்பி வழிகிற பெட்டி.

ஆனால் அமைப்புகளில் அவள்
'மவுஸ் அசைந்தால் எழாதே' என்பதில் குறியிட்டிருந்தாள்,
வாங்கிய முதல் நாளே.
குறி இன்னும் அங்கேதான் இருக்கிறது.
சொன்னதைக் கேட்பதுபோல் நிற்கிற அந்தக் குறியைத்தான்
அவளால் விடமுடியவில்லை.

'எங்கள் ஊரில் ட்ராம் இல்லை' என்று எழுதினார் ஆன்செல்மோ,
'மவுஸை வாஷிங் மெஷின்மேல் வைத்தேன்.
இரண்டு தரம் அசையாமல் தூங்கியது.
மூன்றாம் தரம், போர்வைகளைப் பிழியும்போது, எழுந்துவிட்டது.
வழு இதுதான்: கொடுத்த கட்டளை
முதல் தூக்கத்தைத் தாண்டி நிலைப்பதில்லை.
திரையில் குறி இருக்கும், உள்ளே இருக்காது.
என் போர்வைகள் இவ்வளவு சுத்தமாக இருந்ததே இல்லை.'

திருத்தம் நான்கே வரி.
அதில் ஒன்று வெற்று வரி.

வசந்தத்தின் புதுப்பிப்பில் வந்து சேர்ந்தது.
இப்போது ட்ராம் இறங்கும், பற்கள் கிடுகிடுக்கும்,
மவுஸ் நகரும்,
கணினி கிடக்கும் அறிதுயிலில்,
எல்லாம் தெரிந்து, எழாமல்.
நாலு நாற்பத்தாறுக்கு விழித்துக்கொள்வது
அவள் மட்டும்தான், பழக்கத்தில்.

அப்படியொரு காலையில் திருத்தத்தின் அடிக்குறிப்பைப் படித்தாள்.
'தெரிவித்தவர்' என்று அவள் பெயர்.
ரூஷ்கோவா.
செக் மொழியில் அந்த ஊகாரத்தின் தலையில்
குட்டி வட்டம் ஒன்று உட்கார்ந்திருக்கும்.
அங்கே ஒரு கேள்விக்குறி உட்கார்ந்திருந்தது.

ர?ஷ்கோவா.

சிரித்தாள். காபி போட்டாள்.
ஜன்னலுக்கு வெளியே இரண்டாவது ட்ராம்.
புதிய அறிக்கையைத் திறந்து,
எத்தனை முறை என்ற இடத்தில்
'ஒன்று' என்று எழுதிவிட்டு,
இதுவரை, என்று சேர்த்தாள்.